தவிர்த்தலும் தவிர்தலும்: சோழர் சாசன வழக்கில் ஒரு வினைச்சொல்லின் பொருளும் ஆட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

முதற் குலோத்துங்க சோழனின் 'சுங்கந் தவிர்த்த' என்னும் சிறப்புப்பெயரில் அமைந்த 'தவிர்' என்னும் வினை, வரலாற்று நூல்களில் 'ஒழித்த', 'ரத்து செய்த' என்னும் பொருளிலேயே கொள்ளப்பட்டு வருகிறது. அம்மன்னனின் 20ஆம் ஆட்சியாண்டுச் செப்பேட்டில் இதே வினை வரிகளுக்கும், நிலத்தில் காணியுரிமை பெற்றிருந்த மக்களுக்கும் ஒருசேர ஆளப்பட்டுள்ளது. இச்சான்றை முதன்மையாகக் கொண்டு, நீக்கு, மாற்று, இறக்கு, ஒழி, கழி ஆகிய வினைகளின் சாசன ஆட்சியோடு ஒப்பிட்டு, தவிர்த்தல் என்பது ஒன்றை இல்லாமற் செய்வதன்று, ஓர் எல்லைக்குள் ஒருவர் பொருட்டு விலக்கி வைப்பது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தவிர், சுங்கம், காணி, பள்ளிச்சந்தம், ஆனைமங்கலச் செப்பேடு, குடிநீக்கம், முதற் குலோத்துங்கன்

முன்னுரை

சோழ மன்னர் பலரும் வென்ற நாடுகளாலும் கொண்ட தலைகளாலும் பெயர் பெற்றனர். கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன், மதுரை கொண்டவன் எனக் 'கொள்' என்னும் வினையே அவர்தம் புகழ்ப்பெயர்களுக்கு அடிப்படை. இவ்வரிசையில், எதையும் கொள்ளாமல் ஒன்றைக் கைவிட்டதனால் பெயர் பெற்றவன் முதற் குலோத்துங்கன் (1070-1122). 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்னும் பெயர் அவன் காலத்துக்குப் பின்னும் நின்று நிலவியது. பின்வந்தோர் கல்வெட்டுகள் அவனைச் 'சுங்கந் தவிர்த்து இருள் நீக்கி உலகாண்ட' மன்னனாகவே சுட்டுகின்றன. ஒட்டக்கூத்தர் தம் உலாவில், மனு முதலிய பழம்பேரரசர் காலத்தும் நிகழாத செயலாக இதனைப் போற்றுகிறார்.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இதனைச் சுங்கங்களை ஒழித்த செயலாகவே கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரும் குடிமக்கள் நலங் கருதிய செயலாக இதனைப் போற்றி எழுதினார். பாடநூல்கள் அவ்வழியே சென்றன. சுங்கம் என்பது யாது, எவ்வெப் பொருள்கள்மீது விதிக்கப்பட்டது, எப்பகுதியில் நீங்கியது என்னும் வினாக்கள் எழுப்பப்பட்ட அளவுக்குத் 'தவிர்த்தல்' என்பது யாது என்னும் வினா எழுப்பப்படவில்லை. அச்சொல் இன்றும் வழங்குவதாலேயே அதன் பொருள் வெளிப்படையானது என்னும் எண்ணம் ஏற்பட்டிருக்கலாம். வழக்கிறந்த சொல் ஆய்வாளரை நிறுத்தி அகராதியைத் தேடச் செய்கிறது. வழங்கும் சொல் அவரைத் தடையின்றிக் கடந்துபோக விடுகிறது. பொருள்மாற்றம் கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் இத்தகைய சொற்களில்தான்.

சொல்லின் வடிவம்

தவிர் என்னும் அடி தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். தவிர்ந்தது, தவிர்ந்து என மெல்லினம் பெற்றால் தன்வினை. தவிர்த்தது, தவிர்த்து என வல்லினம் இரட்டித்தால் பிறவினை. செயவென் எச்சத்தில் தன்வினை 'தவிர' என்றும் பிறவினை 'தவிர்க்க' என்றும் நிற்கும். இன்றைய தமிழில் பிறவினை பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. உணவைத் தவிர்த்தல், சந்திப்பைத் தவிர்த்தல், விபத்தைத் தவிர்த்தல் என்பன போன்ற தொடர்களில், தவிர்க்கப்படும் பொருள் ஒருவருக்கு வரவிருப்பதே தவிர அவர் ஆளுகையில் இருப்பதன்று. 'தவிர' என்னும் எச்சமோ வினைத்தன்மை இழந்து, 'அவரைத் தவிர யாரும் வரவில்லை' என்பது போல விலக்குப் பொருள் தரும் இடைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

சாசன வழக்கில் இச்சொல்லின் ஆட்சி இவ்விரண்டிலும் வேறானது. அங்கே தவிர்க்கப்படுவது ஏற்கெனவே நடைமுறையில் உள்ள ஒன்று: ஒரு வரி, ஒரு பெயர், ஓர் ஊரின் நிலை, ஒரு குடியின் உரிமை. நடப்பிலிருப்பதை நடவாமல் நிறுத்துவதே அங்குத் தவிர்த்தல். நிறுத்துதலுக்கும் அழித்தலுக்கும் உள்ள இடைவெளியே இக்கட்டுரையின் களம்.

முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு இதற்கு ஒரு தெளிவான சான்று. பழையனூர் அதுகாறும் பிரமதேயமாக இருந்தது. மன்னனின் 6ஆம் ஆட்சியாண்டு முதல் அது பிரமதேயம் தவிர்ந்து, வெள்ளான்வகையாகித் திருவாலங்காட்டு மகாதேவர்க்குத் தேவதானமாயிற்று. இங்கே தவிர்ந்தது நிலமன்று, ஊரன்று, விளைச்சலன்று. அவ்வூர் எந்த வகையைச் சார்ந்தது என்னும் கணக்கு நிலையே தவிர்ந்தது. ஒரு வகையிலிருந்து தவிர்ந்த ஊர் உடனே மற்றொரு வகையில் அமர்கிறது. இடையில் வெறுமை இல்லை. 'தவிர்ந்து' என்னும் எச்சம் முடிவை நாடி நிற்பது இலக்கண அளவில் மட்டுமன்று, ஆட்சி அளவிலும் அவ்வாறே அமைகிறது.

கொடை ஆவணங்களில் சிறுசிறு வேறுபாடுகளோடு பயின்றுவரும் மற்றொரு தொடர், முன்னுடையாரும் பழம்பேரும் தவிர்த்தல் என்பது. ஓர் ஊரோ நிலமோ புதிதாகக் கொடுக்கப்படும்போது, முன்பு அதனை உடையவராயிருந்தவரும், அது முன்பு வழங்கிய பெயரும் ஒரே வினையால் விலக்கப்படுகின்றனர். மனிதரும் பெயரும் ஒரு வினைக்கு இணையான இரு செயப்படுபொருள்களாக நிற்பது இன்றைய வாசகருக்கு உறுத்தலாகத் தோன்றலாம். சாசனம் எழுதியவருக்கு அவ்வாறு தோன்றியதாகத் தெரியவில்லை. இரண்டும் பழைய கணக்கின் பதிவுகள், புதிய கணக்கில் இடம்பெறாதவை, அவ்வளவே.

ஆனைமங்கலச் செப்பேட்டில் தவிர்

லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இரு தொகுதிகள். பெரியது 21 ஏடுகள் கொண்டது. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னரால் எடுப்பிக்கப்பட்ட சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. அவ்வூரின் காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சற்று மிகுந்த நெல் என, நாழி அளவு வரை துல்லியமாகக் குறிக்கப்பட்டுள்ளது. சிறியது 3 ஏடுகளே கொண்டது. குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1090ஆம் ஆண்டையொட்டி வெளியிடப்பட்டது. மன்னன் ஆயிரத்தளி அரண்மனையில், காலிங்கராசன் எனப் பெயரிய இருக்கையில் வீற்றிருந்தபோது, கடாரத்தரசனின் தூதர்களான இராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் ஒரு விண்ணப்பம் செய்கின்றனர். இராசராசப் பெரும்பள்ளிக்கும் இராசேந்திரசோழப் பெரும்பள்ளிக்கும் பள்ளிச்சந்தமான ஊர்களைப் பற்றியது அது.

விண்ணப்பத்தில் கோரிக்கைகள் இரண்டு. அவ்வூர்களுக்குரிய அந்தராயம், வீரசேஷை, பன்மை பண்டவெட்டி, குந்தாலி, சுங்கமேரா முதலியவை எல்லாம் 'தவிர' வேண்டும் என்பது ஒன்று. அப்பள்ளிச்சந்தங்களில் முன்பு காணியுடைய 'காணியாளரைத் தவிர', அவை பள்ளிச் சங்கத்தார்க்கே காணியாக வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் செப்பேட்டில் எழுதித் தரவேண்டும் எனத் தூதர் வேண்ட, மன்னன் இசைகிறான்.

ஒரே விண்ணப்பத்தில் அடுத்தடுத்து இருமுறை வரும் இவ்வினையை ஆய்வுலகம் இரு வேறு கண்ணோடு பார்த்து வந்துள்ளது. முதல் 'தவிர' வரிவிலக்கு வரலாற்றுக்குரியதாகவும், இரண்டாவது 'தவிர' நிலவுடைமை வரலாற்றுக்குரியதாகவும் பிரிந்தன. முதலாவதைப் பொருளாதார வரலாற்றினர் எடுத்துக்கொண்டனர். இரண்டாவதைக் காணியுரிமை பற்றி ஆராய்ந்தவர்கள் எடுத்துக்கொண்டனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் இச்சொல்லின் ஆற்றல் விளங்குகிறது.

1005ஐ ஒட்டிய முதற்கொடைக்கும் 1090ஐ ஒட்டிய இவ்வாணைக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. பள்ளிச்சந்தம் என்பது முதற்கொடையில் அரசுக்குச் சேரவேண்டிய இறையைப் பள்ளிக்கு மாற்றியது. நிலத்தில் காணி உடையவர் அந்நிலத்தில் தொடர்ந்தனர். அவர் செலுத்தும் நெல் போய்ச் சேரும் இடம் மட்டும் மாறியது. ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, இறையைப் பெற்றுவந்த பள்ளியே காணியையும் பெறுகிறது. மேலுரிமையோடு கீழுரிமையும் ஒரே கையில் சேர்கிறது. காணி என்பது விற்கவும் ஒற்றிவைக்கவும் வழிவழியாகக் கைமாற்றவும் தக்க உரிமை என்பதைச் சோழர் கால நில விற்பனை ஆவணங்கள் காட்டுகின்றன. அவ்வுரிமையை இழப்பது ஒரு குடும்பத்துக்கு எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. உழுதொழிலில் அவர்கள் தொடர்ந்திருக்கலாம். தொடர்ந்திருந்தாலும் காணியாளராக அன்று.

இவ்விடத்தில் சொல்வடிவம் கருதத்தக்கது. 'தவிர' என்பது தன்வினையின் எச்சம். தன்வினை இரண்டாம் வேற்றுமை ஏற்காது. வரிகளைப் பற்றிய தொடரில் 'எல்லாம் தவிரவும்' என எழுவாய் நிலையில் வருவது இலக்கண முறைக்கு ஏற்றது. காணியாளரைப் பற்றிய தொடரிலோ 'காணியாளரை' என இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிறது. எனவே இங்கே 'தவிர' வினையாக நின்றது எனக் கொள்வதைவிட, 'நீங்கலாக' எனப் பொருள்படும் விலக்கு இடைச்சொல்லாக மாறிவிட்டது அல்லது மாறிக்கொண்டிருந்தது எனக் கொள்வதே பொருந்தும். இன்று 'அவரைத் தவிர' என நாம் சொல்லும் அதே அமைப்பு பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலேயே அரசாணையில் காணப்படுகிறது.

இது மொழியியல் செய்தி மட்டுமன்று. வினையாக நின்றால் அதற்கு ஒரு வினைமுதல் வேண்டும். காணியாளரைத் தவிர்த்தவர் யார் என்னும் கேள்வி எழும். இடைச்சொல்லாக நின்றால் அக்கேள்விக்கே இடமில்லை. காணியாளர் வெளியேற்றப்படவில்லை. அவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்ற அளவில் வாக்கியம் நின்றுவிடுகிறது. சுங்கத்தைப் பொறுத்தவரை 'தவிர்த்த' எனப் பிறவினையில் தன்னை வினைமுதலாக அறிவித்துக்கொண்ட அரசு, காணியாளரைப் பொறுத்தவரை வினைமுதல் தோன்றாத வடிவத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது எனக் கூறத் தோன்றும். ஆயினும் இதனைப் பொதுவிதியாக்க இயலாது. முன்னுடையாரைத் தவிர்த்தல் பற்றிய தொடர்கள் சில ஆவணங்களில் பிறவினையிலும் வருகின்றன. அரசு எப்போதும் மறைந்துகொண்டது என்பதன்று. மறைந்துகொள்ள மொழி இடமளித்தது என்பதே இங்குக் கூறத்தக்கது.

செப்பேட்டில் தூதர் பெயருடன் குறிக்கப்படுகின்றனர். ஊர்கள் பெயருடன் வருகின்றன. நெல் கலக்கணக்கில் வருகிறது. நிலத்தை இழந்தவர்கள் காணியாளர் என்ற பொதுச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றனர்.

சுங்கமேராவும் சுங்கமும்

தூதர் கேட்ட விலக்குகளுள் சுங்கமேரா ஒன்று என்பது மேலே கூறப்பட்டது. மேரா அல்லது மேரை என்பது ஒரு வருவாயில் அலுவலர்க்கோ ஊர்ப்பணியாளர்க்கோ உரிய பங்கைக் குறிக்கும் சொல்லாகப் பிற்காலத்தும் வழங்கியது. சுங்கமேரா என்பது சுங்கத்தோடு தொடர்புடைய ஒரு பங்கு அல்லது கட்டணம் எனக் கொள்ளலாம். அரசன் சுங்கத்தை நாடு முழுதும் ஒழித்துவிட்டான் எனின், 1090ஐ ஒட்டி அதன் துணைக்கட்டணத்திலிருந்து விலக்குக் கோர வேண்டிய தேவை என்ன? சுங்கம் தவிர்த்த செயல் இதற்குப் பின்னரே நிகழ்ந்தது எனலாம். அல்லது அச்செயல் சுங்கம் என்னும் இனம் முழுவதையும் தழுவியதன்று எனலாம். பண்டைய வரிகள் பெயரளவில் ஏட்டில் தொடர்ந்தன என்று மூன்றாவதாகவும் ஒரு விளக்கம் கூறப்படக்கூடும். ஆனால் ஆணை பெறுவோர் வசூலிக்கப்படாத ஒன்றுக்கு விலக்குக் கேட்பது அரிது.

'தவிர்' என்பதன் சாசனப் பொருளை நினைவிற்கொண்டால் இரண்டாம் விளக்கத்துக்கே வலு மிகுதி. பழையனூரில் பிரமதேயம் தவிர்ந்தது என்றால் பிரமதேயம் என்னும் முறையே நாட்டில் ஒழிந்தது என்று யாரும் பொருள்கொள்வதில்லை. ஆனைமங்கலத்தில் அந்தராயம் தவிர்ந்தது என்றால் அந்தராயம் என்னும் வரி சோழநாட்டில் இல்லையாயிற்று என்று பொருளில்லை. ஒவ்வோரிடத்திலும் தவிர்தலுக்கு ஓர் எல்லை உண்டு. சிறப்புப்பெயரில் மட்டும் அவ்வெல்லை சொல்லப்படவில்லை. சிறப்புப்பெயர்கள் எல்லை சொல்வதில்லை என்பது இயல்பு. கங்கை கொண்டவன் கங்கைச் சமவெளியை ஆண்டதாக யாரும் கொள்வதில்லை. அதே எச்சரிக்கை 'தவிர்த்த' என்பதற்கும் வேண்டும்.

குலோத்துங்கன் தன் 16ஆம் ஆட்சியாண்டில் (1086) நாட்டை அளந்தான் என்பதும், 40ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் ஓர் அளவை நிகழ்ந்தது என்பதும் அறியப்பட்டவை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நில அளவைப் பதிவும் 1086ஐச் சேர்ந்தது என்னும் ஒற்றுமை நூல்களில் வியப்போடு சுட்டப்படுவதுண்டு. நிலத்தை மீண்டும் அளக்கும் அரசு வருவாயைக் குறைத்துக்கொள்வதற்காக அளப்பதில்லை என்பது அவ்வளவாகச் சுட்டப்படுவதில்லை. வணிகப் பொருள்மீதான வருவாயில் ஒரு பகுதியைக் கைவிட்டதும், நிலவருவாயைத் துல்லியமாக்கியதும் ஒரே ஆட்சியில் நிகழ்ந்தன. இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என நிறுவப் போதிய சான்று இல்லை. எனினும் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுவது அரைப்படமாகவே அமையும்.

சரக்கின் மீதான தண்டல், அரசு கைவிட்டால் தானே மறைந்துவிடும் என்பதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்மலைக் கல்வெட்டில் வணிகக் குழுவினர் மிளகு, பாக்கு முதலிய சரக்குகளின்மேல் தாமே ஒரு பங்கு விதித்துக் கோயிலுக்குச் சேர்க்கின்றனர். பிரான்மலை பாண்டிநாட்டுப் பகுதி, காலமும் பிந்தையது. ஆதலின் குலோத்துங்கன் செயலுக்கு இது நேர்ச்சான்றாகாது. வண்டியும் பொதியும் கடந்துபோகும் வழியில் தண்டுபவர் அரச அலுவலராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

தஞ்சைக்கு அருகிலுள்ள கருந்திட்டைக்குடிக்குச் சுங்கந்தவிர்த்த சோழநல்லூர் எனப் பெயரிடப்பட்டது. ஒரு பழம்பேர் தவிர்ந்து, தவிர்த்தலின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. அப்பெயர் நிற்கவில்லை. கருந்திட்டைக்குடியே கரந்தட்டாங்குடியாகி, இன்று கரந்தை என வழங்குகிறது. சாசனத்தில் தவிர்க்கப்பட்ட பெயர் மக்கள் நாவில் தவிராமல் இருந்தது. தவிர்த்தல் என்பது பதிவேட்டுச் செயல் என்பதற்கும் அதன் எல்லை எது என்பதற்கும் இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

நீக்கு, மாற்று, இறக்கு, ஒழி

தவிர் என்பதன் இடத்தைத் தெளிய அதன் அண்டை வினைகளையும் நோக்க வேண்டும். பல்லவர் செப்பேடுகளில் இப்பணியைப் பெரும்பாலும் செய்வன 'மாற்று', 'நீக்கு' என்பன. இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டுக் காசாக்குடிச் செப்பேடு கொடுகொள்ளி என்னும் ஊரை ஏகதீரமங்கலம் எனப் பெயர் மாற்றிப் பிரமதேயமாக்குகிறது. 'முன்பெற்றாரை மாற்றி' என்பது அதில் வரும் தொடர். முன்பு பெற்றிருந்தவர் விலக்கப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. அதே செப்பேட்டில் 'நீக்கி' என்னும் எச்சம் இருமுறை வருகிறது. முன்னமே அளிக்கப்பட்ட தேவதான பிரமதேயங்கள் நீக்கப்படுகின்றன. அடுத்துக் குடி நீக்கப்படுகிறது.

முதல் 'நீக்கி'யின் பொருள் தெளிவு. பழைய கொடைகள் இப்புதிய கொடையில் அடங்கா. அவை நீங்கலாக எஞ்சியதே கொடுக்கப்படுகிறது. இரண்டாவதே சிக்கல். இதனைப் பதிப்பித்த ஹுல்ட்ஸ், குடியானவர் வீடுகள் நீங்கலாக எனப் பெயர்த்தார். அதன்படி குடிகள் தம் வீடுகளில் பாதுகாப்பாக இருந்தனர். கொடை அவர்களைத் தீண்டவில்லை. பின்வந்த ஆய்வாளர் பலர் குடிகளை வெளியேற்றி எனக் கொண்டனர். அதன்படி அவர்கள் தம் நிலத்தையே இழந்தனர். ஒரு சொல்லை எச்சமாகப் படிப்பதா விலக்குருபாகப் படிப்பதா என்பதில் ஓர் ஊர் மக்களின் நிலை தலைகீழாகிறது.

இச்சிக்கலுக்குப் பல்லவர் ஆவணங்களுக்குள் நின்று மட்டும் விடை காண்பது கடினம். சோழர் காலத்தில் 'குடிநீங்காத் தேவதானம்' என ஒரு கொடை வகை தனியே பெயரிடப்படுவது இங்கே உதவுகிறது. குடிகள் நீங்காத கொடை எனச் சிறப்பித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், குடிகள் நீங்கும் கொடையும் நடைமுறையில் இருந்தது. வீடுகள் நீங்கலான கொடைக்கு எதிர்ச்சொல்லாகக் 'குடிநீங்கா' என்பது பொருந்தாது. எனவே காசாக்குடித் தொடரிலும் வெளியேற்றப் பொருளுக்கே இடம் மிகுதி. தவிர என்பதைப் போலவே நீக்கி என்பதும் 'அகற்றி', 'அல்லாமல்' என்னும் இரு பொருளுக்கும் நடுவே நிற்கிறது. அந்நடுநிலை தற்செயலன்று. மனிதரை நிலத்திலிருந்து அகற்றும் செயல் கணக்குமொழியில் எழுதப்படும்போது, அகற்றுதல் கழித்தலாகத் தோற்றம் கொள்கிறது.

பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு மற்றொரு வினையைத் தருகிறது. பல்யாகசாலை முதுகுடுமி அளித்த வேள்விக்குடியைக் களப்பிரர் கைக்கொண்டு 'இறக்கிய' செய்தியை அது கூறுகிறது. ஆதிராசரைக் களப்பிரன் அகல நீக்கினான், கொடையை இறக்கினான். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பராந்தக நெடுஞ்சடையனிடம் முறையிட்டவர்க்கு, நாட்டார் முன் உரிமையின் பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள்க என மன்னன் கூறுகிறான். அவ்வாறே காட்டப்பட்டு ஊர் மீள்கிறது. கொடுகொள்ளியில் பல்லவன் முன்பெற்றாரை மாற்றியதும், வேள்விக்குடியில் களப்பிரன் கொடையை இறக்கியதும் நிகழ்ச்சி அளவில் ஒத்தவை. இரண்டிலும் முன்னைய உரிமை செல்லாததாகிறது. தன் செயலைக் கூறும் அரசு 'மாற்றி' என்கிறது. பகைவன் செயலைக் கூறும் அரசு 'இறக்கி' என்கிறது. இரு வேறு அரசுகளின் இரு ஆவணங்களை வைத்து இதனை வலிந்து நீட்டலாகாது. ஆயினும் வினைத்தேர்வு நிகழ்ச்சியை மட்டுமன்றி எழுதியவர் நின்ற பக்கத்தையும் காட்டுகிறது என்பதற்கு இது போதும்.

'ஒழி' என்னும் வினையின் பழைய ஆட்சி இன்னும் வியப்புக்குரியது. முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு (921) உத்தரமேரூர்க் கல்வெட்டில் வாரியப் பொறுப்பில் ஓராண்டு இருந்தவர் தம் காலம் முடிந்து விலகுவது 'ஒழிந்த' என்னும் எச்சத்தால் சுட்டப்படுகிறது. குற்றம் காணப்பட்ட வாரியத்தாரை இடையில் விலக்குவதும் அதே அடியின் பிறவினையால் குறிக்கப்படுகிறது. இங்கே ஒழிதல் பதவி விட்டு நிற்றலே. ஒழிந்தவர் ஊரிலேயே இருப்பார், உரிய இடைவெளிக்குப் பின் மீண்டும் குடவோலைக்குத் தகுதியும் பெறுவார். இன்றைய 'ஒழிப்பு' என்பதிலுள்ள வேரறுத்தல் பொருளின் சாயல் அங்கில்லை.

விலக்கு நடைமுறைக்கு வரும் இடத்தில் மற்றொரு வினை தொழிற்படுகிறது. வரிக்கணக்கில் 'கழித்தல்' என்பது அது. அரசன் வாய்மொழி ஓலையாகி, ஓலை வரிப்பொத்தகத்தைச் சென்றடைந்து, அங்கே உரிய தொகை கழிக்கப்பட்ட பின்னரே தண்டுவோர் அவ்வூரை விட்டு விலகுவர். தவிர்த்தல் அரசன் செயல், கழித்தல் கணக்கர் செயல். முன்னது பட்டமாயிற்று. பின்னது பட்டமாகவில்லை என்றாலும், குடிமகனுக்குப் பயன் தந்தது பின்னதே.

சட்டமொழியில் பெயர்ப்புச் சிக்கல்

இச்சொற்களைப் பெயர்க்கும் இன்றைய ஆய்வாளர் கையாளும் தமிழ், இருபதாம் நூற்றாண்டுச் சட்டமொழியால் உருவானது. அரபுமூலத்திலிருந்து வருவாய்த்துறை வழியாக வந்த 'ரத்து' ஆணைகளுக்கு உரியதாயிற்று. தள்ளுபடி கடனுக்கும் நிலுவைக்கும் அமைந்தது. விலக்கு வரிக்கு அமைந்தது. ஒழிப்பு, 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தாலும் 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களாலும் ஒரு முறைமையையே இல்லாமற் செய்தல் என்னும் பொருளில் உறுதிப்பட்டது. சட்டமன்றம் ஓர் உரிமை வகையையே நாடெங்கும் செல்லாததாக்க வல்லது. அத்தகைய அதிகாரத்தின் சொல் ஒழிப்பு. சோழ அரசன் ஓர் ஊரில், ஒரு பள்ளிக்காக, ஒரு விண்ணப்பத்தின்பேரில் செயற்பட்டான். அச்செயலின் சொல் தவிர்த்தல். முன்னதைப் பின்னதன் பெயர்ப்பாக இடும்போது, பதினோராம் நூற்றாண்டு மன்னனுக்கு இருபதாம் நூற்றாண்டுச் சட்டமன்றத்தின் கை முளைத்துவிடுகிறது.

1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒழித்த இனாம்களுள் பல, கோயில்களுக்கும் அறநிலைகளுக்கும் பிற்கால அரசுகள் வழங்கிய விலக்குகளின் வழிவந்தவை. ஒருகாலத்தில் குடியின் உரிமை தவிர்ந்து உருவான நில உரிமைகள், பின்னொரு காலத்தில் உழுகுடிகளின் பெயரால் ஒழிக்கப்பட்டன. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பலமுறை கைமாறிய நிலங்களின் ஒவ்வொரு வழியையும் தனித்தனியே ஆராய்ந்தே இத்தொடர்ச்சியை நிறுவ முடியும். ஆனைமங்கலத்தின் காணி வரலாற்றை அவ்வகையில் பின்தொடர்வது தனி ஆய்வுக்குரியது.

கல்வெட்டுப் பதிப்புகளின் சொல்லடைவுகளில் 'தவிர', 'தவிர்ந்து', 'தவிர்த்து' என்னும் மூன்று வடிவங்களும் 'தவிர்' என்னும் ஒரே தலைச்சொல்லின்கீழ் அடக்கப்படுவது வழக்கம். அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏற்கும் செயப்படுபொருள் வரியா, பெயரா, நிலையா, மனிதரா எனப் பகுத்து, ஆட்சியாண்டு வரிசையில் அடுக்கினால், வேற்றுமை உருபு ஏற்கும் இடைச்சொல்லாகத் 'தவிர' மாறிய காலத்தை இன்னும் நெருங்கிச் சுட்ட இயலும். சிறிய ஆனைமங்கலச் செப்பேட்டின் 'காணியாளரைத் தவிர' என்னும் தொடரை அவ்வடைவில் எந்தப் பிரிவின்கீழ் இடுவது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.